பிரம்மாவுக்கு யாரு சொல்லிக் கொடுத்தா?

ஓம் சரவணபவ.



சில மாசத்துக்கு முன்னாடி ஒரு கிருத்திகை அன்னிக்குச் சுவாமிமலை போயிருந்தேன். படியேறும்போது ஒரு சின்னக் குழந்தை தன் அப்பாகிட்ட ஒரு கேள்வி கேட்டுச்சு. அந்தக் கேள்வி என்னை அங்கேயே நிறுத்திடுச்சு. அது என்ன கேள்வின்னு சொல்றதுக்கு முன்னாடி, நான் செய்த ஒரு தப்பைச் சொல்லியாகணும்.

நான் ஒரு தமிழாசிரியை. கும்பகோணம் பக்கத்துல ஒரு பள்ளிக்கூடம். பிள்ளைங்க "தமிழம்மா"ன்னு கூப்பிடுவாங்க. பதினோரு வருஷமா பாடம் நடத்தறேன். இத்தனை வருஷத்துல ஒரு பிள்ளையைக்கூட அடிச்சதில்லை. கையில் பிரம்பு எடுத்ததே கிடையாது. அதில் எனக்கு உள்ளுக்குள்ள ஒரு பெருமையும் இருந்தது. "நான் அடிக்கிற டீச்சர் இல்லை"ன்னு நாலு பேர்கிட்ட சொல்லியும் இருக்கேன்.

எட்டாம் வகுப்புக்குச் செவ்வாயும் வியாழனும் வாசிப்பு வகுப்பு. உரைநடைப் பாடத்தை ஆளுக்கு ஒரு பத்தி எழுந்து வாசிக்கணும். ஒரு நாள் கடைசி வரிசையில இருந்து ஒரு பொண்ணு எழுந்தா. ஒவ்வொரு எழுத்தா கூட்டிக் கூட்டி வாசிச்சா. 'ல'வும் 'ள'வும் குழம்புச்சு. வரிக்கு நடுவுல நின்னுட்டா. மணி அடிக்க அஞ்சு நிமிஷம்தான் இருந்தது. எனக்குப் பாடத்தை முடிக்கிற அவசரம். "என்னம்மா, டவர் கிடைக்கலையா?"ன்னு கேட்டுட்டேன்.

நாற்பது பிள்ளைங்களும் சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன். அவளும் சிரிக்கிற மாதிரிதான் இருந்தது. அவளை உட்காரச் சொல்லிட்டு அடுத்த பிள்ளையை எழுப்பினேன். சாயங்காலம் வீட்டுக்கு வர்றதுக்குள்ள அதை மறந்தும் போயிட்டேன்.

மூணு வாரம் போயிருக்கும். மத்தியானம் குழாயடியில பிள்ளைங்க தட்டு கழுவிட்டு இருந்தாங்க. ஆறாம் வகுப்புப் பையன் ஒருத்தன் அந்தப் பொண்ணுகிட்ட, "டவரக்கா, கொஞ்சம் தள்ளிக்குங்க"ன்னான். கிண்டலாச் சொல்லலை, மரியாதையாத்தான் சொன்னான். அதுதான் அவ பேருன்னே நினைச்சுட்டு இருக்கான் அந்தப் பையன்.

வருகைப் பதிவேட்டை எடுத்துப் பார்த்தேன். அவ லீவு போட்டதெல்லாம் செவ்வாய், வியாழன்.

உடனே கூப்பிட்டுப் பேசியிருக்கணும். பேசலை. பிள்ளைகிட்ட மன்னிப்புக் கேட்டா நாளைக்கு வகுப்பு நமக்குக் கட்டுப்படுமான்னு ஒரு பயம். 'சின்ன விஷயம், தானா மறந்துடுவாங்க'ன்னு ஒரு சமாதானம். அப்படியே பத்து நாள் போச்சு. அந்த மனசோடதான் கிருத்திகைக்குச் சுவாமிமலை ஏறினேன்.

உங்களுக்கே தெரியும், சுவாமிமலை நம்ம ஐயனோட நான்காம் படைவீடு. திருவேரகம்னு பழைய பேர். இயற்கை மலை இல்லை, கட்டுமலை. அறுபது படிகள், அறுபது தமிழ் வருஷங்களோட பேர்ல. அப்பனுக்கே பிள்ளை பாடம் சொன்ன தலம்.

எனக்கு முன்னாடி ஒரு அப்பா, தன் அஞ்சு வயசுப் பிள்ளையைக் கையில பிடிச்சுக்கிட்டு அந்தக் கதையைச் சொல்லிட்டே ஏறினார். பிரம்மா கயிலாயத்துக்கு வந்தாரு, முருகனைச் சின்னப் பிள்ளைதானேன்னு கண்டுக்காம போனாரு. முருகன் கூப்பிட்டு "ஓம்"முக்கு அர்த்தம் கேட்டாரு. பிரம்மாவுக்குத் தெரியலை. தலையில குட்டி, சிறையில போட்டுட்டாரு. அப்புறம் சிவபெருமான் வந்து பிரம்மாவை விடச் சொன்னாரு. "சரி, உனக்கு அர்த்தம் தெரியுமா?"ன்னு கேட்டாரு. முருகன் அப்பா காதுல ரகசியமாச் சொன்னாரு. அதனாலதான் இவருக்கு சுவாமிநாதன்னு பேரு.

குழந்தை ஒரு படியில நின்னுச்சு. "சிவனுக்குச் சொல்லிக் கொடுத்துட்டாரு. பிரம்மாவுக்கு யாருப்பா சொல்லிக் கொடுத்தா? அவருக்குத்தானே தெரியலை?"

அப்பா சிரிச்சுட்டு, "ஏறு ஏறு, கூட்டம் வருது"ன்னு கூட்டிட்டுப் போயிட்டார். நான் அந்தப் படியிலேயே ஓரமா உட்கார்ந்துட்டேன்.

யோசிச்சுப் பாருங்க. சிவபெருமானுக்குத் தெரியாத பிரணவமா? எல்லாம் தெரிஞ்சவருக்குப் பாடம் கிடைச்சுது. தெரியாதவருக்குக் கிடைச்சது குட்டு. இதை நாம் கதையாத்தான் கேட்கிறோம். ஆனா என் வகுப்புல தினமும் இதுதானே நடக்குது? முதல் வரிசைப் பிள்ளைங்க பாடம் நான் சொல்றதுக்கு முன்னாடியே படிச்சுட்டு வந்துடுவாங்க. என் கண்ணு, என் சிரிப்பு, என் "சபாஷ்" எல்லாம் அவங்களுக்கு. தெரியாம நிக்கிற பிள்ளைக்கு என்கிட்ட இருந்து போனது ஒரு கிண்டல். கையால குட்டலை. வாயால குட்டியிருக்கேன். கையால குட்டினா சாயங்காலம் வலி போயிடும். நான் குட்டின குட்டு அவளுக்குப் பேராகவே ஒட்டிக்கிச்சு.

அன்னிக்கு ராத்திரி கந்தபுராணத்தை எடுத்து அந்தப் பகுதியைத் திரும்பப் படிச்சேன். கச்சியப்ப சிவாச்சாரியார் இதை ரெண்டு படலமா பாடியிருக்கார். அயனைச் சிறைபுரி படலம், அயனைச் சிறைநீக்கு படலம். அயன்னா பிரம்மா. சின்ன வயசுல இருந்து கேட்ட கதைதான். ஆனா அன்னிக்கு மூணு விஷயம் புதுசாக் கண்ணில் பட்டுது.

முதல் விஷயம், அந்தக் குட்டு எதுக்காக விழுந்தது?

நம்ம ஊர்ல பிள்ளைங்களை அடிக்கிறவங்க இந்தக் கதையைச் சாட்சிக்குக் கூப்பிடுவாங்க. "முருகனே குட்டினாரு, நாங்க குட்டினா என்ன? அடியாத மாடு படியாது"ன்னு. ஆனா முருகன் குட்டினது பிரம்மாவோட அறியாமையை இல்லை. 'படைக்கிறவன் நான், எனக்குச் சமானம் யாரு'ங்கற அகந்தையைத்தான் குட்டினான். சிறையில இருந்து வெளியே வந்த பிரம்மாவே சிவபெருமான்கிட்ட இந்தச் சிறை என் அகந்தையைப் போக்கிடுச்சுன்னுதான் சொல்றார். ஆக, அது அகந்தைங்கற நோய்க்குக் கொடுத்த மருந்து. அந்த மருந்தை, எழுத்துக்கூட்டத் தெரியாம கை நடுங்க நிக்கிற பிள்ளைக்குக் கொடுக்கலாமா? அவகிட்ட என்ன அகந்தை இருந்தது? அகந்தை இருந்த இடம் எனக்கு நல்லாத் தெரியும். "நான் அடிக்காத டீச்சர்"னு சொல்லிட்டுத் திரிஞ்சேன் பாருங்க, அங்கேதான் இருந்தது.

ரெண்டாவது விஷயம், எது முதல்ல நடந்தது?

சிவபெருமான் சுவாமிமலைக்கதையில எதுக்கு வர்றார்? பாடம் கேட்கவா? இல்லை. சிறையில கிடக்கிற பிரம்மாவுக்காகப் பரிஞ்சு பேச வர்றார். முதல்ல நந்திதேவரை அனுப்பறார், முருகன் விடலை. அப்புறம் தானே வர்றார். பிரம்மாவுக்கு விடுதலை கிடைச்ச பிறகுதான் பிரணவ உபதேசம் நடக்குது. பரீட்சையில தோத்துப்போன ஒருத்தனுக்காகக் கவலைப்பட்டு ஒருத்தர் எழுந்து வந்தாரே, அந்தக் கருணை இல்லைன்னா சுவாமிமலையில உபதேசமே இல்லை. சுவாமிநாதன்ங்கற பேரே நமக்குக் கிடைச்சிருக்காது. இதைப் படிச்சப்போ எனக்குக் கண்ணு கலங்கிடுச்சு. அந்தப் பொண்ணுக்காகப் பரிஞ்சு பேச என் வகுப்புல யாரு இருந்தா?

மூணாவது விஷயம், காது.

குட்டு நாலு பேர் பார்க்க விழுது. உபதேசம் ஒருத்தர் காதுல மட்டும் விழுது. நான் இதைத் தலைகீழாப் பண்ணியிருக்கேன். நாற்பது பேர் முன்னாடி அவளைக் கிண்டல் பண்ணினேன். ஒரு தடவையாவது அவ பக்கத்துல போய் உட்கார்ந்து, "எந்த இடத்துல தடுக்குது கண்ணு?"ன்னு காதோரமாக் கேட்கலை. அந்தச் சுவாமிமலைப் படத்தை மனசுல கொண்டு வாங்க. சிவபெருமான் வாய் பொத்தி உட்கார்ந்திருக்கார். பிள்ளை அவர் காதோரம் வாய் வெச்சுச் சொல்றான். உலகத்துக்கே தகப்பன், ஒரு பிள்ளை முன்னாடி எனக்குச் சொல்லிக்கொடுன்னு பணிஞ்சு உட்கார்றார். அவரே இறங்கி வரலாம், நான் மேசைக்குப் பின்னாடியிருந்து இறங்கி வர மாட்டேனா?

இதுல எனக்கு இன்னொரு வெட்கமும் உண்டு. நான் படிச்சது தமிழ். நன்னூல் பாயிரத்தை மனப்பாடம் பண்ணிப் பரீட்சை எழுதினவ. பவணந்தி முனிவர் நல்லாசிரியருக்கு என்னென்ன குணம் வேணும்னு ஒரு வரிசை சொல்றார். அதுல 'அருள்' ஆரம்பத்திலேயே வந்துடுது. நூல்கள்ல தெளிவு, பேச்சு வன்மை எல்லாம் அதுக்குப் பிறகுதான். ஆசிரியருக்கு உவமையா நிலம், மலை, துலாக்கோல், மலர்னு நாலு சொல்றார். பாடம் சொல்ற முறையைப் பத்திப் பேசும்போது, முகம் மலர்ந்து, கேட்கிற பிள்ளை எப்படிச் சொன்னா வாங்கிக்குவான்னு தெரிஞ்சு, அவன் மனசுல படியற மாதிரி சொல்லணும்ங்கறார். சுமார் எண்ணூறு வருஷத்துக்கு முன்னாடி எழுதின இலக்கணப் புத்தகம் இது! மார்க்குக்காகப் படிச்ச பாட்டு, எனக்காக எழுதினதுன்னு தெரிய இவ்வளவு நாளாச்சு.

சட்டமும் அதையேதான் சொல்லுது. 2009-ல வந்த கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தோட 17-ஆவது பிரிவு, பிள்ளைங்களை உடம்பளவுல தண்டிக்கிறது, மனசளவுல துன்புறுத்தறது ரெண்டையுமே தடை செய்யுது. நான் முதல் பாதியை மட்டும் படிச்சுட்டு நல்ல டீச்சர்னு நினைச்சுட்டு இருந்தேன்.

சரி, அப்புறம் என்ன செய்தேன்?

புதன்கிழமை அவ வந்தா. வாசிப்பு இல்லாத நாளாச்சே. மத்தியானம் வேப்பமரத்தடியில தனியாக் கூப்பிட்டு உட்கார வெச்சேன். "அன்னிக்கு நான் அப்படிச் சொன்னது தப்பு. என்னாலதான் அந்தப் பேரு வந்துச்சு. என்னை மன்னிச்சுடும்மா"ன்னேன். அவ தரையைப் பார்த்துட்டு "பரவால்லம்மா"ன்னா. "எல்லாரும் பார்க்கத்தானே சொன்னேன், எல்லார் முன்னாடியும் மன்னிப்புக் கேட்கட்டுமா? வேணாம்னா வேணாம், நீ சொல்றபடி செய்யறேன்." கொஞ்ச நேரம் யோசிச்சா. அப்புறம் மெதுவாச் சொன்னா: "என் பேரைச் சொல்லாம கேளுங்கம்மா."

எனக்கு அது தோணவே இல்லை பாருங்க. மன்னிப்பும் ஒரு காட்சியா மாறி அவளை இன்னொரு தடவை எல்லாரும் திரும்பிப் பார்க்கிற மாதிரி ஆகியிருக்கும். அவகிட்ட கேட்டதாலதான் தப்பிச்சேன்.

அன்னிக்குக் கடைசிப் பாடவேளையில, "வாசிக்கத் தடுமாறின ஒரு பிள்ளையை நான் கிண்டல் பண்ணினேன். தப்பு என்னோடது. அதைக் கேட்டுத்தான் நீங்களும் சொன்னீங்க. இனி இந்த வகுப்புல வாசிக்கிறவங்களைப் பார்த்து யாரும் சிரிக்கக் கூடாது, நானும் சேர்த்துத்தான்"னு சொன்னேன். வகுப்பு அமைதியா இருந்தது. நான் பயந்த மாதிரி ஒண்ணும் கட்டுப்பாடு போயிடலை. அந்தப் பட்டப்பேர் ஒரே நாள்ல போகலைங்கறதையும் சொல்லிடறேன். அது மறைய ரெண்டு மாசம் ஆச்சு.

அப்புறம் வாசிப்பு. இங்கே எனக்கு வழி காட்டினது அருணகிரிநாதர் கதை. திருவண்ணாமலைக் கோபுரத்துல இருந்து விழுந்தவரை முருகன் தாங்கிப் பிடிச்சான். பாடுன்னு சொன்னான். எனக்குப் பாடத் தெரியாதேன்னு நின்னவருக்கு முதல் சொல்லை அவனே எடுத்துக் கொடுத்தான். முழுப் பாட்டையும் அவனே பாடி முடிக்கலை. தெரியாதான்னு திட்டவும் இல்லை. அடியெடுத்து மட்டும் கொடுத்தான். மீதியை அவர் பாடினார். அதுதான் நமக்குத் திருப்புகழ்.

நானும் அதைத்தான் செய்து பார்த்தேன். முதல் நாளே மூணு வரியைக் குறிச்சுக் கொடுத்துடுவேன். மத்தியானம் சாப்பிட்டு முடிச்சதும் நான் ஒரு தடவை வாசிப்பேன், அவ விரல் வெச்சு ஒரு தடவை வாசிப்பா. மறுநாள் வகுப்புல அந்த மூணு வரிதான் அவளோடது. தடுக்கினா, முதல் எழுத்தை மட்டும் மெதுவா எடுத்துக் கொடுப்பேன். வட்டார வள மையத்துல இருந்து வர்ற சிறப்புப் பயிற்றுநர்கிட்டயும் காட்டினேன். சில பிள்ளைங்களுக்கு எழுத்து குழம்பறது சோம்பேறித்தனம் இல்லை, அவங்களுக்கு வேற மாதிரி சொல்லித் தரணும்னு அவங்க விளக்கினாங்க. 2016-ஆம் வருஷத்து மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்துல கற்றல் குறைபாட்டையும் சேர்த்திருக்காங்கன்னு அவங்க சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

"நாற்பது பேர் இருக்கிற வகுப்புல ஒவ்வொருத்தருக்கும் இப்படிச் செய்ய முடியுமா?"ன்னு என் கூட வேலை பார்க்கிறவங்க கேட்டாங்க. நியாயமான கேள்விதான். எனக்கு ஆனது ஒரு நாளைக்குப் பத்து நிமிஷம். நாற்பது பேருக்கும் அது தேவைப்படலை. தேவைப்பட்டது மூணு பேருக்கு. இன்னொண்ணும் சொல்றேன். கருணைன்னா மார்க்கை அள்ளிப் போடறது இல்லை. "பாவம், இவளை வாசிக்கச் சொல்ல வேணாம்"னு விட்டுடறதும் இல்லை. உண்மையைச் சொன்னா, அப்படி விட்டுடறதும் ஒரு வகையில கைகழுவறதுதான். உன்னால முடியும்னு நம்பி, முடியற வரைக்கும் பக்கத்துல நிக்கிறதுதான் கருணை.

குமரகுருபரரை நினைச்சுக்கோங்க. ஸ்ரீவைகுண்டத்துல பிறந்த பிள்ளை. அஞ்சு வயசு வரைக்கும் பேச்சே வரலை. பெத்தவங்க திருச்செந்தூருக்குத் தூக்கிட்டு வந்து செந்திலாண்டவன் சந்நிதியில கிடந்தாங்க. பேச்சு வந்தது. வந்த வாயால கந்தர் கலிவெண்பா பாடினார்னு சொல்றோம். அதே பிள்ளை பிற்காலத்துல காசி வரைக்கும் போனார், சகலகலாவல்லி மாலை பாடினார், அங்கே மடமும் கண்டார். இன்னிக்குச் சரஸ்வதி பூஜைக்கு நாம பாடற பாட்டு, ஒரு காலத்துல பேச்சு வராத பிள்ளை பாடினது. இனிமே கடைசி வரிசையில ஒரு பிள்ளை வாய் திறக்காம உட்கார்ந்திருந்தா, அவசரப்பட்டு ஒரு பேர் வெச்சுடாதீங்க.

இதை ஏன் உங்ககிட்ட சொல்றேன்? நீங்க எல்லாரும் வாத்தியார் இல்லைதான். ஆனா தம்பிக்கு வீட்டுப்பாடம் சொல்லித் தர்றீங்க. டியூஷன் எடுக்கறீங்க. பி.எட். படிக்கறவங்க இருப்பீங்க. புதுசா வேலைக்கு வந்த பையனுக்கு ஆபீஸ்ல வேலை சொல்லித் தர்றீங்க. ஒரு தங்கச்சி ஆசை ஆசையா திருப்புகழ் பாடி வீடியோ போடறா. ஒரு சொல் தப்பாப் போயிடுது. கீழே கமெண்ட்ல எத்தனை சிரிப்பு, எத்தனை கிண்டல்! அதுல பாதி, வேல் படம் வெச்ச கணக்குல இருந்தே வருது. தப்பைத் திருத்தணும்தான், வேணாம்னு சொல்லலை. தனியா ஒரு மெசேஜ் அனுப்பி, "தங்கச்சி, அந்தச் சொல்லை இப்படிச் சொல்லிப் பாரு"ன்னா ஆகாதா? அது சுவாமிமலை வழி. காதோர வழி.

வர்ற கிருத்திகைக்கு விரதம் இருக்கறவங்க, கூடவே இதையும் சேர்த்துக்கோங்க. நீங்க யாருக்காவது வெச்ச பட்டப்பேர் ஒண்ணு இருக்கும். அதை எடுத்துடுங்க. முடிஞ்சா அவங்களைத் தனியாப் பார்த்து மன்னிப்புக் கேளுங்க. எப்படிக் கேட்கணும்னு அவங்ககிட்டயே கேட்டுட்டுக் கேளுங்க. தெரியாம நிக்கிற ஒருத்தருக்குப் பக்கத்துல உட்கார்ந்து ஒரே ஒரு விஷயம் சொல்லிக் கொடுங்க.

அந்தப் பொண்ணு இந்தத் தடவை தமிழ்ல 38 மார்க் வாங்கியிருக்கா. முன்னாடி 21. பெரிய அதிசயம்னு சொல்ல மாட்டேன். இன்னும் தடுக்கத்தான் செய்யுது. ஆனா செவ்வாய், வியாழன்ல லீவு இல்லை. போன வாரம் மணி அடிச்சு நான் வெளியே வர்றப்போ பின்னாடியே ஓடி வந்து கேட்டா: "அம்மா, நாளைக்கு எந்த மூணு வரி?"

சுவாமிமலைப் படியில கேட்ட அந்தக் குழந்தையை மறுபடி பார்த்தா, எனக்கு இப்போ சொல்ல ஒரு பதில் இருக்கு. அப்பனுக்கு முருகன் சொல்லிக் கொடுத்துட்டான் கண்ணு. தெரியாம நிக்கிறவங்களுக்குச் சொல்லித் தர்ற வேலையை நம்மகிட்ட விட்டு வெச்சிருக்கான்.

சுவாமிநாதா சரணம். குருநாதா சரணம்.

வேலும் மயிலும் துணை.

வெற்றிவேல் முருகனுக்கு அரோகரா!